இரையும் பெட்டியும் ஓடும் நீரும்

மின்விசிறி ஒன்றின் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அது தள்ளும் காற்றும் இரண்டு மடங்காகும். அது இழுக்கும் மின்சாரம் எட்டு மடங்காகும். அது எழுப்பும் ஒலியின் ஆற்றலோ ஏறத்தாழ 32 மடங்காகிவிடும். ஒலி, வேகத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறுவதால் வரும் வினை இது. டெசிபெல் கணக்கில் 15 கூடும். நல்லவேளையாக நம் காது இதை 32 மடங்காகக் கேட்பதில்லை. சுமார் மூன்று மடங்கு உரக்கக் கேட்கிறது. பக்கத்து அறைக்காரர் வந்து கதவைத் தட்ட மூன்று மடங்கே போதும்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்தக் கதவு கொஞ்சம் சீக்கிரமே தட்டப்படும். செங்கம் சாலையில் பகலெல்லாம் பேருந்து ஹாரன் கேட்டாலும், இரவு ஏறினால் உள்தெருக்கள் அடங்கிவிடுகின்றன. மாடி அறைகளை வாடகைக்கு எடுத்துத் தங்குகிறவர்களில் பலர் கண்ணை மூடி உட்காருவதற்காகவே கடல் கடந்து வந்தவர்கள். ஆசிரமத்து மயில்கள் எவ்வளவு உரக்க அகவினாலும் யாரும் குறை சொல்வதில்லை. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் முழங்கும் ஒலிபெருக்கியையும் பொறுத்துக்கொள்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சுருதியில் மணிக்கணக்காக இரைகிற கேமிங் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

அப்படியொரு மாடி அறையை எடுத்துக்கொள்வோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. மேலே வெறும் கான்கிரீட் தளம். மேசைக்கு அடியில் கேபினெட், அதனுள் ஒரு பெரிய பிராசசர், அதைவிடப் பெரிய கிராபிக்ஸ் கார்டு. சித்திரை மாத இரவு. இந்த அத்தியாயத்தின் கணக்குகளையெல்லாம் இந்த அறைக்குள்ளேயே போட்டுப் பார்க்கலாம்.

சில்லுக்கு ஏன் இவ்வளவு சூடு? இன்டெலின் கோர் ஐ9-13900கே பிராசசர் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதன் சிலிக்கான் துண்டின் பரப்பு ஏறத்தாழ இரண்டரை சதுர சென்டிமீட்டர்தான். அப்படியென்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட். மாடித் தளத்தின்மேல் உச்சிவெயில் கொட்டும் வெப்பம் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 வாட். வெறுங்காலோடு மாடியில் நிற்க முடியாமல் செய்கிற வெயிலைப் போல ஆயிரம் மடங்கு அடர்த்தியில் வெப்பம் அந்தச் சில்லுக்குள்ளிருந்து வெளியேறியாக வேண்டும். வெளியேறாவிட்டால் 100 டிகிரி செல்சியசில் சில்லு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் உதவாவிட்டால் அணைந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு இன்னும் பெருந்தீனிக்காரர். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 320 வாட், 4090-க்கு 450 வாட்.

இத்தனை வாட்டையும் கடைசியில் அள்ளிக்கொண்டு போவது காற்று. காற்று இந்த வேலைக்கு மிகவும் மெலிந்த ஆள். 400 வாட் வெப்பத்தைத் தானே 10 டிகிரி மட்டும் சூடேறி அகற்ற வேண்டுமென்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்று ஓட வேண்டும். தண்ணீரால் அதே வேலையைச் செய்ய நிமிடத்துக்கு அறுநூறு மில்லிக்கும் குறைவாகவே போதும். ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டர் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு வெப்பத்தைச் சுமக்கும். வாட்டர் கூலிங்கின் மூலதனம் முழுவதும் இந்த ஓர் எண்தான்.

ஆனால் இங்கேதான் முதல்முறை வாங்குகிறவர்கள் தடுமாறுகிறார்கள். தண்ணீர் குளிர்விக்கும் என்று நம்பிக் காசைக் கொடுக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குள் ஓடும் தண்ணீர் எதையும் குளிர்விப்பதில்லை. வெப்பத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் இறக்குகிறது, அவ்வளவே. சில்லின்மேல் செம்பாலான ஒரு தட்டு. அதன் உட்புறத்தில் முடியிழைபோல் மெல்லிய வாய்க்கால்கள் கீறப்பட்டிருக்கும். பம்ப் தள்ளும் நீர் அந்த வாய்க்கால்களில் புகுந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு, குழாய்வழியே ரேடியேட்டருக்குப் போகிறது. ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே விசிறி காற்றைத் தள்ளுகிறது. ஆக, கடைசிப் படியில் மறுபடியும் அதே மெலிந்த காற்றுதான்.

பிறகென்ன லாபம்? பரப்பு. பிராசசர்மேல் கூலர் உட்கார இடம் ஒரு கையளவு. கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளுக்கு இன்னும் குறுகலான இடம். ரேடியேட்டரையோ கேபினெட்டின் கூரை நீளத்துக்கு வைக்கலாம். 120 மில்லிமீட்டர் விசிறிகள் மூன்று வரிசையாக நிற்கும். ஒரு விசிறி நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றிச் செய்த வேலையை மூன்று விசிறிகளுக்குப் பிரித்து, ஒவ்வொன்றையும் 1,000 சுற்றில் ஓட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். காற்று ஒன்றரை மடங்கு கிடைக்கிறது. வேகம் பாதியானதால் ஒவ்வொரு விசிறியிலும் 15 டெசிபெல் குறைகிறது. மூன்று விசிறி இருப்பதால் 5 டெசிபெல் கூடுகிறது. நிகரம் 10 டெசிபெல் மிச்சம். காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்டது. கூடுதல் காற்று, குறைந்த சத்தம், இரண்டும் ஒரே நேரத்தில்! ஐந்தாம் அடுக்கு விதி நம்மை வாட்டியதுபோலவே நமக்கு வாரியும் வழங்குகிறது.

சத்தத்தின் குணமும் மாறும். ஒன்பது இறக்கை கொண்ட சிறு விசிறி 3,000 சுற்றில் ஓடினால் 450 ஹெர்ட்சில் ஒரு கீச்சு எழும். அதே எண்ணிக்கை இறக்கையுள்ள பெரிய விசிறி 900 சுற்றில் 135 ஹெர்ட்சில் முனகும். தாழ்ந்த சுருதி நம் காதில் அவ்வளவாக உறைப்பதில்லை. சுவர் தாண்டியும் எரிச்சலூட்டுவது பெரும்பாலும் அந்தக் கீச்சுதான்.

ஓர் இடைச்செருகல். காற்றில் குளிர்வது என்று விற்கப்படும் கூலர்களிலும் தண்ணீர் இருக்கிறது. அவற்றின் வளைந்த செப்புக் குழல்களுக்குள் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீரை வைத்து மூடியிருப்பார்கள். அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் தாழ்ந்த வெப்பநிலையிலேயே கொதித்து ஆவியாகி மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து மீண்டும் ஊர்ந்து திரும்பும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1963-இல் ஜார்ஜ் குரோவர் செய்துகாட்டிய வெப்பக்குழல் இது. பம்ப் கிடையாது, கசிவு கிடையாது. நல்ல இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று, மலிவான வாட்டர் கூலரைச் சத்தத்திலும் சூட்டிலும் தோற்கடிப்பதுண்டு. கடைகளில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இப்போது ஊருக்கு வருவோம். ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் நீர், அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் இருக்க முடியாது. இது பொருளின் தரத்தைப் பொறுத்ததல்ல, இயற்பியல். 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர்ப் பகுதி ஒன்று, அடக்கமாகச் சுற்றும் விசிறியோடு, நீர் அறையைவிட 10 டிகிரி சூடாக இருக்கும்போது சுமார் 100 வாட்டை இறக்கிவைக்கும் என்பது கைக்கணக்கு. மூன்று பகுதி கொண்ட 360 ரேடியேட்டரில் 400 வாட்டை ஏற்றினால் நீர், அறையைவிடச் சுமார் 13 டிகிரி மேலே நிற்கும். ஊட்டியில் அறை 16 டிகிரி என்றால் நீர் 29. நம் மாடி அறை சித்திரை இரவில் 36 என்றால் நீர் 49. அதற்கும் மேலே 30 டிகிரி ஏறித்தான் சில்லு இருக்கும். வாட்டர் கூலிங்குக்கான படங்களும் பரிந்துரைகளும் பெரும்பாலும் 20 டிகிரி அறைகளிலிருந்து வருகின்றன. அவற்றைப் பார்த்து வாங்கிவிட்டு, தன் கம்ப்யூட்டர் மட்டும் ஏன் இவ்வளவு சூடாகிறது என்று கவலைப்படுவதில் பொருளில்லை. அறைக்கும் நீருக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் கருவி சரி. மிச்சமெல்லாம் சித்திரையின் கணக்கில் எழுத வேண்டியது.

இரவாகியும் அறை ஏன் ஆறவில்லை என்பதும் இதே கணக்கில் வரும். பகலில் வாங்கிய வெயிலைக் கான்கிரீட் தளம் மணிக்கணக்கில் பொத்திவைத்து, நாம் விளையாட உட்காரும் நேரத்தில் கீழே இறக்குகிறது. மலைப்பாறையும் அப்படித்தான். ரமணர் 1899 முதல் 1916 வரை அந்த மலையின் விரூபாட்ச குகையில் இருந்த காலத்தில், கோடையில் தண்ணீருக்குத் திண்டாட்டமாகிவிடும் என்பதால் முலைப்பால் தீர்த்தத்தை ஒட்டிய மாமரக் குகைக்கு இடம் மாறுவதுண்டு. வெப்பத்தோடு மல்லுக்கட்டாமல் நீர் இருக்கும் இடத்துக்கு நகர்ந்துவிடுவது இந்த மலையில் பழைய வழக்கம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். மண்பானைத் தண்ணீர் மட்டும் அறைக் காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறதே? ஆம், ஏனென்றால் பானை கசிகிறது. கசிந்த நீர் ஆவியாகும்போது மீதி நீரிலிருந்து வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 35 விழுக்காடு என்றால், ஆவியாதலால் ஏறத்தாழ 26 டிகிரிவரை இறங்க இடமிருக்கிறது. கம்ப்யூட்டரின் மூடிய குழாய்க்கு அந்த வழி இல்லை. திறந்த கோபுரத்தில் நீரைத் தூவி ஆவியாக்கிக் கம்ப்யூட்டரைக் குளிர்வித்த ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பெரிய டேட்டா சென்டர்களும் இதைச் செய்கின்றன. வீட்டில் வேண்டாம். உப்பேறிய போர்வெல் நீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் மிஞ்சி வாய்க்கால்களை அடைக்கும். அறை புழுங்கும். கொசு வரும்.

ஐஸ் கட்டி போடும் யோசனை இன்னும் மோசம். அறைக் காற்றின் ஈரம் நீராய்ப் படியத் தொடங்கும் பனிநிலைக்குக் கீழே குழாய் குளிர்ந்தால் அதன்மேல் நீர் பூக்கும். மேலே சொன்ன கோடைக் காற்றுக்கு அந்த எல்லை 20 டிகிரி. ஐப்பசி மழையில் அறை 26 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்றால் எல்லை 24-க்கு ஏறிவிடும். மதர்போர்டின்மேல் சொட்ட வேறு கசிவே தேவையில்லை.

பெரிய கம்ப்யூட்டர்கள் இந்த வழியை நமக்கு வெகுமுன்பே நடந்து பார்த்துவிட்டன. 1960-களின் ஐபிஎம் சிஸ்டம்/360 வரிசையின் பெரிய மாடல்களில் தண்ணீர் ஓடியது. 1980-இல் அறிவிக்கப்பட்ட ஐபிஎம் 3081-இல் ஒவ்வொரு சில்லின் முதுகிலும் ஓர் உலோகக் கட்டை அழுந்தியிருக்க, அதற்கு மேலே குளிர்நீர்த் தட்டு இருந்தது. பிறகு சீமாஸ் (CMOS) என்னும் வகைச் சில்லுகள் வந்து மின்சாரத் தேவையைச் சடாரென்று குறைத்ததும் தண்ணீரைத் தூக்கியெறிந்துவிட்டுக் காற்றுக்குத் திரும்பினார்கள். சில்லுகள் மறுபடி சூடேறியதும் தண்ணீரும் திரும்பியது. ஆப்பிள் நிறுவனமே 2004-இல் தன் பவர் மேக் ஜி5 மேசைக் கம்ப்யூட்டரின் வேகமான மாடலில் திரவக் குளிர்விப்பை வைத்து விற்றது.

நமக்கு அருகில் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ‘பரம் பொருள்’ சூப்பர்கம்ப்யூட்டர் இருக்கிறது. தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தில் அமைந்தது. திறன் 838 டெராஃப்ளாப்ஸ். அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். இதில் திரவம் நேரடியாகச் சில்லின் முதுகுக்கே போகிறது. மின்செலவு குறையும் என்பதுதான் காரணம். அறை முழுவதையும் ஏ.சி.யால் உறையவைத்து, அந்தக் குளிர்காற்றை விசிறியால் சில்லுவரை தள்ளுவதைவிட, சூடு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடித்து அப்புறப்படுத்துவது மலிவு. ஜெர்மனியில் முனிச் அருகே 2012-இல் அமைந்த சூப்பர்எம்யுசி இன்னும் ஒருபடி போய், ஏறத்தாழ 40 டிகிரி வெந்நீரையே சில்லுகளுக்கு அனுப்பியது. சில்லு 80 டிகிரியில் இருக்கையில் 40 டிகிரி நீர் அதற்குக் குளிர்நீர்தானே? அந்த நீரை ஆறவைக்க வெளிக்காற்றே போதும், தனிக் குளிர்சாதனம் வேண்டியதில்லை. நம் மாடி அறையின் 49 டிகிரி நீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

சரி, தொடங்குவது எப்படி? முதலில் தண்ணீரே இல்லாமல். கேபினெட்டைத் திறந்து தூசியைத் தட்டுங்கள். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடுகளில் கூலர் தகடுகளுக்கு இடையே படியும் தூசி ஒரு போர்வையாகவே உரிந்து வரும். சில்லுக்கும் கூலருக்கும் இடையே காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள். அதன்பின் மின்னழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள். சில்லின் மின்செலவு அழுத்தத்தின் இருபடியோடு போவது. பத்து விழுக்காடு குறைத்தால் வெப்பம் பத்தொன்பது விழுக்காடு இறங்கும். கிராபிக்ஸ் கார்டின் மின்வரம்பை நாலில் மூன்றாக்கினாலும் விளையாட்டில் வித்தியாசம் தெரிவது அரிது. விசிறிகளோ மூச்சுவிடும். என் கருத்தில் பாதிப்பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்கு அடுத்த படி, கடைக்காரர்கள் ஏஐஓ என்று சொல்லும் மூடிய சுற்று. பம்பு, குழாய், ரேடியேட்டர், நீர் எல்லாம் ஆலையிலேயே சேர்த்து அடைத்து வரும். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வாங்கிவந்து ஒரு பிற்பகலில் மாட்டிவிடலாம். கவனிக்க வேண்டியது ஒன்றே: சுற்றின் உச்சியில் பம்ப் இருக்கக் கூடாது. ஆண்டுகள் போகப்போக ரப்பர்க் குழாயின் சுவர்வழியே கொஞ்சம் நீர் ஆவியாகி வெளியேறும். அந்த இடத்தில் காற்றுக் குமிழி சேரும். குமிழி உச்சிக்குத்தான் போகும். பம்புக்குள் போனால் அது கடகடக்கும், பிறகு கெடும். ரேடியேட்டரைக் கூரையில் மாட்டினால் தொல்லையில்லை.

கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து நீரில் இணைக்க நினைத்தால் தனிச் சுற்றைக் கையால் கட்ட வேண்டும். செலவு பல மடங்கு. இதில் கைவைக்கும்போது பயம் வருவது இயல்பு. கசிவைப் பற்றிய பயத்துக்கு எளிய மருந்து உண்டு: நீரை நிரப்பியபின் கம்ப்யூட்டரை இயக்காதீர்கள். பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போகும் மின் இணைப்புகளோடு மதர்போர்டுக்குப் போகும் பெரிய இணைப்பையும் கழற்றி, அந்தப் பெரிய இணைப்பிலுள்ள பச்சைக் கம்பியின் துளையையும் ஒரு கறுப்புக் கம்பியின் துளையையும் சிறு கம்பியால் இணைத்தால் பவர் சப்ளை மட்டும் விழித்துக்கொள்ளும். பம்பை மட்டும் அதில் செருகி, இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ தாளை விரித்து, ஒருநாள் முழுக்க ஓடவிடுங்கள். தாள் நனைந்தால் மறையை இறுக்குங்கள். சில்லுக்கு ஆபத்தில்லை, அதில் மின்சாரமே இல்லை.

நீர் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். போர்வெல் நீர் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. ஆர்.ஓ. நீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சமிருக்கும். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். அருகிலேயே ஆசிட் புட்டியும் இருக்கும் என்பதால் லேபிளை இரண்டுமுறை படிப்பது நல்லது. அதோடு அரிப்புத் தடுப்பானும் பாசி தடுப்பானும் கலந்த திரவம் சேர வேண்டும். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்தால் அது ஒரு மின்கலம். அலுமினியம் கரையத் தொடங்கும். ஏஐஓ-க்களில் பெரும்பாலும் தட்டு செம்பு, ரேடியேட்டர் அலுமினியம்தான். உள்ளே இருக்கும் தடுப்பானை நம்பித்தான் அந்தக் குடித்தனம் நடக்கிறது. அதைத் திறந்து வெறும் நீரை ஊற்றுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. கையால் கட்டும் சுற்றில் எல்லாம் செம்பும் பித்தளையுமாகவே இருக்கட்டும்.

எந்தப் பாகத்துக்கு அடுத்து எந்தப் பாகம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் ஓடும் சுற்றில் 400 வாட்டை வாங்கிக்கொண்ட நீர் இரண்டு டிகிரிகூட ஏறுவதில்லை. குழாய் எந்த வழியில் அழகாக வளைகிறதோ அப்படியே போகட்டும். ஆனால் டி5 வகைப் பம்புகளுக்கு நீர் 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. பெட்ஜி என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாயும் அந்தச் சூட்டில் தளரத் தொடங்கிவிடும். சித்திரையில் 49-இல் நிற்பவருக்கு அந்த எல்லை அவ்வளவு தூரமில்லை. ஆகவே வளையும் ரப்பர்க் குழாயும், கணக்குக்கு மேல் ஒரு பகுதி ரேடியேட்டரும் இந்த ஊருக்குப் பொருத்தம்.

இத்தனை செய்தும் ஒன்று மாறாது. கம்ப்யூட்டர் 500 வாட் இழுத்தால் அறைக்குள் 500 வாட் வெப்பம் இறங்கியே தீரும், தண்ணீரானாலும் காற்றானாலும். ஒரு டன் ஏ.சி.யின் திறனில் ஏழில் ஒரு பங்கு அது. இதற்கும் தண்ணீரிடம் ஒரு விடை இருக்கிறது. காற்றிடம் இல்லாத விடை. குழாயை நீட்டி, ரேடியேட்டரை அறைக்கு வெளியே கொண்டுபோய்விடலாம். வெயில் நேரே விழாத வடக்குப் பார்த்த பால்கனி உத்தமம். மூடிய சுற்றில் ஏறும் உயரம் இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும் என்பதால் பம்புக்குப் பாரம் குழாயின் உராய்வு மட்டும்தான். முதன்முதல் நிரப்பும்போது மட்டும் உச்சிவரை நீரைத் தூக்கும் தெம்பு வேண்டும். வெப்பமும் விசிறியும் சேர்ந்தே அறையைவிட்டுப் போய்விடுகின்றன. உள்ளே மிஞ்சுவது பம்பின் மெல்லிய அதிர்வு. அடியில் ஒரு பஞ்சுத் துண்டை வைத்தால் அதுவும் அடங்கும்.

ஆனால் மலையடிவாரத்துப் பால்கனியில் குரங்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தொங்கும் கறுப்புக் குழாயை இழுத்துப் பார்க்காமல் அவை விடா. ரேடியேட்டரைக் கம்பி வலைக் கூண்டுக்குள் வைத்து, குழாயைச் சுவரோடு சேர்த்து பிவிசி பைப்புக்குள் ஓட்டுங்கள். வலையை விசிறிக்கு ஒட்டினாற்போல் கட்டாமல் ஒரு சாணாவது தள்ளிக் கட்டுங்கள். குட்டிக் குரங்கின் கை இறக்கைவரை எட்டாது. விசிறி உறிஞ்சும் காற்று கம்பியில் மோதிக் கலைந்து இறக்கையில் விழுந்தால் எழும் கூடுதல் இரைச்சலும் இருக்காது.